எழுதியவர் வேறு, போட்டவர் வேறு

விஜயதசமி அன்று காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். மூன்று வாரம் சிறுநீரகக் கல்லோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறேன். மனுசனுடைய நினைவையே கழற்றி மாட்டுகிற காலம் இது. சிறுநீரகக் கல்லுக்கு மட்டும் இன்னும் வாழைத்தண்டுச் சாறு. என்னத்தைச் சொல்ல! லீவு நாள்தான், ஆனாலும் நல்ல நாளில் வேலையைத் தொட்டு வைப்போம் என்று வந்தால், நினைவுப் பிரிவில் மங்கை தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அட்டைப் பெட்டிக்குள் ஒரு ஸ்வெட்டர், தண்ணீர் பாட்டில், சின்னத் தொட்டியில் ஒரு கள்ளிச்செடி.

"என்ன மங்கை, வேற பிரிவுக்கு மாத்திட்டாங்களா?"

"ஏனுங்ண்ணா, ஒடம்பு பரவால்லீங்களா?" என்றாள். கண் வீங்கியிருந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் பிரணேஷ், வயது ஐம்பத்தாறு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எழில்மங்கை, நன்முகை என்று அழகழகாகப் பெயர் வைத்துக்கொண்டு, பிரணேஷ் என்றால் கிழவன் பெயர் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கோயம்புத்தூரில் உள்ள இந்த ஆஸ்பத்திரியில் என்னை 'லாக் பிரணேஷ்' என்பார்கள்.

பக்கவாதம் வந்து நினைவு சிதறியவர்களுக்கு இங்கே துணைமூளை வைக்கிறோம். அரிசி அளவு சில்லு, காதுக்குப் பின்னால். அதில் இருக்கிற நினைவுகளில் எதையாவது சேர்ப்பதோ, சரிசெய்வதோ, நீக்குவதோ இரண்டு படியாக நடக்கும். முதலில் ஒருவர் அந்த மாற்றத்தை எழுதி வைப்பார். பிறகு யாராவது அதைப் போடுவார்கள். போட்ட பிறகுதான் அந்த ஆளின் தலைக்குள் அது நடக்கும். ஒவ்வொரு முறை போடும்போதும் எது, எப்போது, யார், எதற்காக என்று ஒரு குறிப்பு விழும். அந்தக் குறிப்புகளின் வரிசைதான் லாக். அதில் எதைக் காட்டுவது, எதை எத்தனை நாள் வைத்திருப்பது என்று அமைத்துக் கொடுப்பது என் வேலை. ஒருவருக்கும் பிடிக்காத வேலை. ஏதாவது விபரீதம் நடக்கும்வரை லாக்கை யார் பார்க்கிறார்கள்?

மங்கை நாற்காலியை இழுத்து என்னை உட்காரவைத்தாள். "நாளைக்குப் பதினோரு மணிக்குக் கடைசி விசாரணைங்ண்ணா. லைசென்ஸைப் புடுங்கிருவாங்க. போலீஸ் கேஸும் வருமாமா."

"எதுக்கு? என்ன பண்ணே நீ?"

"சர்வேஷ் சாரைத் தெரியுமில்லீங்க? கணபதியில பம்ப்செட் பட்டறை வெச்சிருக்காரே. அவரோட கோவத்தை நாந்தான் திருடிட்டேன்னு புகார் குடுத்திருக்காரு."

சர்வேஷைத் தெரியும். மனைவி போய்ச் சேர்ந்து ஏழு வருடம், ஒரே மகள் நன்முகை. நாலு வருடத்துக்கு முன்னால் அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள். மனுசன் மண்டபத்துக்கே போய், அத்தனை சனத்துக்கு நடுவில், "செத்தாக்கூட என் மூஞ்சியில முழிக்காதே" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வருடம் பக்கவாதம். துணைமூளை வைத்தோம். அந்த மண்டபத்துப் பகல் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. மகள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பாள், உள்ளே விடமாட்டார்.

"போன வருசம் அந்தப் புள்ள எங்கிட்ட வந்து அழுதுச்சுங்ண்ணா," என்றாள் மங்கை. "அந்த ஒரு பகலை மட்டும் எடுத்துருங்கன்னு. வயித்துல கொழந்தையோட வந்து நின்னா என்ன பண்ணுவீங்க? மனசு கேக்காம எழுதி வெச்சேன். ராத்திரி தூக்கமே வரல. அவரு சம்மதமில்லாம தொடறது பாவம். மறுநாளே, போட மாட்டேன் கண்ணுன்னு சொல்லிட்டேன். எழுதினது அழியாம காத்திருப்புப் பட்டியல்லயே கெடந்துச்சு."

"அப்புறம்?"

"யாரோ போட்டுட்டாங்க. எனக்குச் சத்தியமாத் தெரியாது. அந்த மனுசன் ஒரு நாள் அவராவே மகளுக்குப் போன் பண்ணி ஏம்பாப்பா வரவே மாட்டேங்கறேன்னு கேட்டாராமா. அதுவும் ஓடி வந்துச்சு. பேத்தி பொறந்ததுல இருந்து அதைத் தோள்ல தூக்கிட்டுச் சுத்தினாரு. போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில பங்காளி ஒருத்தன், 'என்ன பங்காளி, மூஞ்சியில முழிக்காதேன்னு சொன்ன வாயி, இப்பப் பேத்திக்குச் சோறூட்டுது?'ன்னு கேட்டிருக்கான். இவருக்கு ஒண்ணும் புரியல. விசாரிச்சுப் பாத்துட்டு, எலையில இருந்து அப்படியே எந்திரிச்சு நேரா இங்க வந்துட்டாரு."

பந்தியில் பாதியில் எழுந்தார் என்றால் எவ்வளவு கோபம் இருக்கும் பாருங்கள். மகளும் மங்கையும் கூட்டுச் சேர்ந்து தன் தலைக்குள் கைவைத்துவிட்டார்கள் என்று அன்றோடு மகளிடம் பேச்சையும் நிறுத்திவிட்டார்.

"எழுதி வெச்சதைப் போடறதுக்கு மூணு பேருக்குத்தான் உரிமை," என்றேன். "எழுதின ஆளு, பெரிய டாக்டர், அப்புறம் நெனப்புக்கு உரியவரு. வீட்டுல குடுத்திருக்கற தொடுதிரைப் பலகையில அவருக்குக் காத்திருப்புப் பட்டியல் தெரியும். பெரிய டாக்டர் போன வருசம் பூரா வெளிநாட்டுல. அப்ப, அவரே போட்டிருக்கலாமில்ல?"

"அதைத்தான் போன விசாரணையில சொன்னேன். எந்திரிச்சு நின்னு கத்தினாருங்ண்ணா. 'எவனாச்சும் தன் ஊட்டைத் தானே கொள்ளையடிப்பானா?'ன்னு. அவரு பொய் சொல்லல. அவரே போட்டிருந்தாலும் அவருக்கு ஞாபகம் இருக்காது. அந்தப் பகலைத் தொட்டுட்டு இருக்கற நெனப்பெல்லாம் கூடவே போயிரும். பட்டனை அமுத்தினதும் சேத்தி." பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "லாக்குல இப்படித்தான் இருக்குது. நான் என்னன்னு வாதாட?"

வாங்கிப் பார்த்தேன். ஒரே வரி.

'அக்டோபர் 11. நினைவு 4417. ஒரு பகல் நீக்கம். எழில்மங்கை.'

அந்த ஒற்றை வரி என் கைவேலை.

அஞ்சு வருடத்துக்கு முன்னால் டாக்டர்கள் எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "பிரணேஷ், லாக்குன்னா ஒரு பார்வையில படிக்கற மாதிரி இருக்கணும். நீங்க என்ன ராமாயணம் படிக்க வெக்கறீங்க?" என்று. சரிதான் போ என்று அமைப்பை மாற்றினேன். ஒரு மாற்றத்துக்கு ஒரு வரி. தேதி, எது, ஒரு பெயர். எழுதியவர், போட்டவர் என்று இரண்டு பெயர் இருந்ததில், பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள்தானே என்று எழுதியவர் பெயரை மட்டும் விட்டு வைத்தேன். காரணத்தையும் மறைத்தேன். மங்கை மாதிரி பின்னால் சேர்ந்தவர்களுக்கு அந்த வரிக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது என்பதே தெரியாது. விசாரணைக் குழு இதைத்தான் அச்சடித்து வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கப் பார்க்கிறது.

"மங்கை, இது சுருக்கம். முழுசு உள்ள இருக்குது. போட்டவர் பேரு, கையொப்பம், காரணம் எல்லாம் இருக்கும்!"

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் செய்தது அது ஒன்று மட்டும் இல்லை. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, கூடவே இன்னொரு உத்தரவும் போட்டு வைத்திருந்தேன். ஒரு வருடம் கடந்த குறிப்புகளில் அந்தச் சுருக்க வரியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் உதறிவிடு. தினமும் நண்பகல் பன்னிரண்டுக்கு அது தானாக ஓடும். காப்பு நகலிலும் அதே கதைதான்.

போன வருடம் அக்டோபர் பதினொன்று. இன்றைக்கு என்ன தேதி? பன்னிரண்டு.

நேற்று மத்தியானமே ஒரு வருடம் முடிந்துவிட்டது. நாற்காலியில் அப்படியே சரிந்தேன். கடவுளே, ஒரே ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா? வாழைத்தண்டுச் சாற்றைக் குடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேனே, பாவி!

"என்னங்ண்ணா? ஏன் இப்படி வேக்குது உங்களுக்கு?"

"நேத்தோட அழிஞ்சுருக்கும் மங்கை. நாந்தான் அழிக்கச் சொல்லி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினேன். நேற்று.

நேற்று ஆயுதபூஜை.

எங்கள் பிரிவில் துப்புரவுப் பொறுப்பு வைஷாலியக்காவுடையது. என்னைவிட நாலு வயது மூத்தவர். வருடாவருடம் எனக்கும் அவருக்கும் இதே சண்டை. நினைவுகளின் பிரதி இருக்கிற பெரிய இயந்திரத்தின் அறைக்குள் எவரும் போக முடியாது. அதனால் அக்காவின் கைக்கு எட்டுவது லாக்கை வைத்திருக்கிற இரண்டு சின்னப் பெட்டிகள்தான், அசலும் காப்பும். அவற்றை அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, ஒரு நாள் பூராவும் தூங்கவிடுவார். அந்த ஒரு நாள் குறிப்பெல்லாம் பெரிய இயந்திரத்திலேயே தேங்கிக் கிடந்து மறுநாள் வந்து சேரும். நான் வருடா வருடம் கத்துவேன், மூடநம்பிக்கை என்று. "அதுவும் வருசம் பூரா உழைக்குதில்ல தம்பி?" என்பார்.

நேற்று மத்தியானம் பெட்டி தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. உதறல் நடந்திருக்காது! ஆனால் எழுப்பிவிட்டால், விட்டுப்போன வேலையைத்தான் முதல் காரியமாகச் செய்யும். அதையும் அப்படி அமைத்தவன் நானே.

"அக்கா எத்தனை மணிக்குப் பெட்டியைப் போடுவாங்க?"

"ஒம்பதரைக்கு நல்ல நேரம்னாங்க."

மணி ஒன்பது இருபத்தாறு. பெட்டி இருப்பது நாலாவது மாடி. லிப்டுக்கு ஓடினால், அதற்கும் ஆயுதபூஜை! கதவில் வாழைக்கன்று கட்டி, மூட முடியாமல் நின்றுகொண்டிருந்தது. மங்கை படியில் தாவினாள். நான் விலாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் உயிர் போய்ப் போய் வந்தது.

"அக்கா! தொடாதீங்க்கா!" என்று மங்கை கத்துவது மேலே கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வைஷாலியக்கா ஒரு கை சூடத் தட்டிலும் இன்னொரு கை சுவிட்சிலுமாக அப்படியே நின்றார்.

"அய்யோ, என்னாச்சு தம்பி? சூடம் காட்டிட்டு அமுத்தத்தான் போனேன், இந்தப் புள்ள பேய் பாத்தாப்ல கத்துது."

"கையை எடுங்க்கா. மெதுவா. ரெண்டு பிளக்கையும் புடுங்கிருங்க."

எடுத்தார். பெட்டியைத் திறந்து டிஸ்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். எதுவும் எழுத முடியாதபடி பூட்டி, படிக்க மட்டும் திறந்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். அப்புறம் வந்தது.

'நினைவு 4417. ஒரு பகல் நீக்கம்.
எழுதியவர்: எழில்மங்கை.
போட்டவர்: சர்வேஷ், உரியவர். வீட்டுப் பலகை. கட்டைவிரல் சரிபார்க்கப்பட்டது.
காரணம்:'

அதற்குக் கீழே ஏழெட்டு வரி இருந்தது. திரையைக் கையால் மூடினேன். அது அவர் அவருக்காக எழுதியது. அவருக்கு முன்னால் நான் படிக்கக் கூடாது. சத்தியமாகப் படிக்கவில்லை.

மங்கை தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இத்தனை நாளாக அடக்கி வைத்த அழுகை. எனக்கு மலையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. வைஷாலியக்கா ஒன்றும் புரியாமல் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு கை பொரியைக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"போன வருசம் என்னமோ மூடநம்பிக்கைன்னீங்க?"

"தெரியாமச் சொல்லிட்டேங்க்கா."

"அடுத்த வருசம் நீங்கதான் சந்தனம் அரைக்கோணும்."

மறுநாள் விசாரணை. குழுத் தலைவி டாக்டர் ஹேமவர்த்தினி கறாரான ஆள். ஒரு கோடியில் சர்வேஷ், வெள்ளைச் சட்டை, இறுகின தாடை. மறு கோடியில் நன்முகை, மடியில் குழந்தை. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒற்றை வரியாக்கியது நான், மறைத்தது நான், அழிக்கச் சொன்னதும் நான் என்றேன். "எழுதியவர் பேரைப் பாத்துட்டு நீங்க போட்டவரைத் தேடியிருக்கீங்க டாக்டர். தப்பு என்னுது. யார் பேரையாச்சும் எழுதணும்னா என் பேரை எழுதிக்குங்க."

"போட்டவர் யார்?"

தாளை மடித்தபடியே கொண்டுபோய் சர்வேஷிடம் கொடுத்தேன். "நீங்க முதல்ல பாருங்க. சத்தமாப் படிக்கறதும் படிக்காததும் உங்க இஷ்டம்."

மனுசன் பிரித்தார். முதல் மூன்று வரியிலேயே முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். ரொம்ப நேரம். பிறகு, யாரும் கேட்காமலே, தடுமாறித் தடுமாறி வாய்விட்டுப் படித்தார்.

"காரணம். மூணு வருசமா நான் அந்த மண்டபத்துலயே நின்னுட்டிருக்கேன். தெனமும் அந்த வார்த்தையை நானே சொல்றேன், நானே கேக்கறேன். பாப்பாவுக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தா மானம் தடுக்குது. எனக்கு மன்னிக்கத் தெரியல, மன்னிப்புக் கேக்கவும் தெரியல. மறக்கறதுக்கு வழி இருக்குதுன்னு இந்தப் பலகை காட்டுது. யாரும் சொல்லல, நானேதான் போட்டுக்கறேன். பின்னால எனக்குத் தெரிஞ்சா நான் குதிப்பேன். எனக்கு என்னையத் தெரியும். அப்ப இதை எங்கிட்டக் காட்டுங்க."

காட்டச் சொல்லி எழுதி வைத்த மனுசனிடம் அதைக் காட்டாமல் மறைத்து வைத்தவன் நான். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

"நீங்க எழுதினதுதானா?" என்று கேட்டார் ஹேமவர்த்தினி.

"நான் எழுதின ஞாபகம் இல்லீங்க. ஆனா நாந்தான்," என்றார் சர்வேஷ். "குதிப்பேன்னு வேற எவன் சொல்லுவான் என்னைய?"

எழுந்து மங்கையிடம் வந்தார். கும்பிடப் போனார், அவள் பதறித் தடுத்தாள். "தப்பாப் பேசிட்டேன் அம்மிணி. மனசுல வெச்சுக்காதே." அப்புறம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். மகள் பக்கம் திரும்புவதற்கு அந்த ஆளுக்கு அத்தனை நேரம் ஆயிற்று.

"பாப்பா, சாப்டியா?"

"இல்லீங்ப்பா."

"மணி பன்னெண்டாச்சு. கொழந்தையை இங்க குடு."

குழந்தை அவர் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. ஹேமவர்த்தினி பேனாவை மூடினார். மங்கை மேல் குற்றம் இல்லை. காத்திருப்பில் எதையும் சம்மதமில்லாமல் எழுதி வைக்கக்கூடாது என்று அவளுக்கு ஒரு எச்சரிக்கை, எனக்கு ஒரு மெமோ. என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மெமோவையும் வாங்கியதில்லை.

"ஒரு விஷயம், சர்வேஷ்," என்றார் ஹேமவர்த்தினி. "அந்தப் பகலோட பிரதி எங்ககிட்ட இருக்கு. வேணும்னா திரும்பப் போட்டுக்கலாம். அது உங்க உரிமை. என்ன சொல்றீங்க?"

மகள் முகம் வெளுத்தது. அவர் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"நாளைக்குச் சொல்றேனுங்க."

மறுநாள் மங்கையின் மேஜைக்குக் கள்ளிச்செடி திரும்பி வந்திருந்தது. நான் காலையிலிருந்து லாக் அமைப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். உதறும் உத்தரவை அழித்தேன். எழுதியவர், போட்டவர், காரணம் மூன்றும் முழுசாகத் தெரியும்படி மாற்றினேன். ராமாயணமாக இருந்தால் இருக்கட்டும், டாக்டர்கள் உட்கார்ந்து படிக்கட்டும். அந்த மாற்றத்துக்கும் காரணம் எழுத வேண்டுமே. 'சோம்பேறித்தனத்தால் நான் செய்த தப்பு. பிரணேஷ்' என்று எழுதினேன். இருபத்தெட்டு வருடத்தில் நான் எழுதிய உண்மையான குறிப்பு அது ஒன்றுதான்.

மங்கை என் பின்னால் வந்து நின்றாள். "சர்வேஷ் சார் என்ன முடிவு பண்ணாருன்னு தெரியலீங்களே? அந்தப் பகலைத் திருப்பிக் கேட்டா நாந்தான் எழுதணும். கையே வராதுங்ண்ணா."

சொல்லி வாய் மூடவில்லை. திரையில் புதிதாக ஒன்று விழுந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தோம்.

'மாற்றம்: ஒன்றுமில்லை.
எழுதியவர்: சர்வேஷ்.
போட்டவர்: சர்வேஷ், உரியவர். வீட்டுப் பலகை. கட்டைவிரல் சரிபார்க்கப்பட்டது.
காரணம்: டேய் சர்வேஷு, மறுபடி எவனாச்சும் பந்தியில ஏதாச்சும் கேட்டா எலையில இருந்து எந்திரிக்காதே. சாப்ட்டு முடிச்சுட்டு வந்து இதைப் படி.'